கொல்லைப் பாத்தியும் அயலார் பூனையும்

நெசவாளர் சங்கம் ஒன்றின் பொதுக்குழுக் கூட்டத்திற்கு ஆய்வாளன் என்ற முறையில் சென்றிருந்தேன். நூல் இருப்பு, கூலி நிலுவை, தேங்கிய சேலைகளைத் தள்ளுபடியில் விற்பது ஆகிய விஷயங்கள் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டன. இதர விஷயங்கள் என்ற கடைசி இனத்தில் அம்மையார் ஒருவர் எழுந்து, தம் கொல்லையில் கீரைப் பாத்தி போட முடியவில்லை என்றும், அயல் வீட்டுப் பூனைகள் வந்து மலங்கழித்து மண்ணைக் கிளறிப் போடுகின்றன என்றும் முறையிட்டார். அதன் பின்னர் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவில் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் குடியிருப்பில் இரு வரிசையாக வீடுகள். முன்கட்டில் தறி, பின்புறம் சிறு கொல்லை. கொல்லையில் கீரை, வெண்டை, கத்தரி போட்டு வீட்டுச் செலவைக் குறைத்துக்கொள்பவர்கள் பலர். மிளகாய், தக்காளி நாற்று வளர்த்து அண்டைக் கிராமத்து விவசாயிகளுக்கு விற்பவர்களும் உண்டு. அம்மையாரின் மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. பூனை மலம் கலந்த மண்ணில் கை வைக்கலாகாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இது தெரிந்ததும் அம்மையாரின் மகன், வயலுக்கென வாங்கிய எலி மருந்தை மீன் தலையில் தடவி வேலியோரம் வைத்துவிட்டார். அடுத்த வீட்டுப் பூனையும், யாருக்கும் உரியதல்லாத மற்றொரு பூனையும் மாண்டன. இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வழக்கம் அங்கு இன்னும் இருக்கிறது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பல கைகள் கூடினால்தான் அவ்வேலை நடக்கும். இரு வீட்டார் பிணங்கினால் அவரவர் உறவினரும் பிரிந்து நிற்பர். இவ்வாறு ஒரு மாத காலத்தில் அத்தெருவில் மும்முறை பாவு வேலை நின்றதாகச் செயலாளர் கூறினார். பாவு இல்லையேல் தறி நிற்கும். தறி நின்றால் கூலி ஏது? ஆகவே, பூனை விஷயம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்திற்குள்ளேயே வந்துவிட்டது.

நிற்க. பூனை ஏன் பாத்தியைத் தேடி வருகிறது? அது விரோதத்தால் வருவதன்று. தன் மலத்தைத் தோண்டிப் புதைத்து மூடுவது அதன் பிறவிக் குணம். அதற்கு உலர்ந்த, பொலபொலவென்ற, கல் இல்லாத மண் வேண்டும். நாமோ நாற்றங்காலுக்கென்று மண்ணைச் சலித்து, எருவிட்டு, கட்டி உடைத்து, சமன் செய்து வைக்கிறோம். பூனைக்கென்றே செய்தாலும் அதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது! ஒருமுறை பயன்படுத்திய இடத்தின் வாசனை அதனை மீண்டும் அங்கேயே அழைக்கும். அதன் சிறுநீர் செறிவு மிக்கது. இளநாற்றின் மேல் பட்டால் இலை கருகும். கடுவன் பூனை வேலியிலும் சுவரிலும் பீய்ச்சுவது இதனின் வேறானது. அது தன் எல்லையைக் குறிக்கும் செய்கை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பரிகாரத்திலும் குழம்புகிறார்கள்.

மறுநாட்காலையில் நான் கொல்லைகளைச் சுற்றிப் பார்த்தேன். பூனைகள் பல ஆண்டுகளாக அங்கு உள்ளன. தொல்லையோ கடந்த சில மாதங்களாகத்தான். இதற்குக் காரணம் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. தார் சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர்தான், "மணல் தீர்ந்ததிலிருந்துதான் தம்பி இந்தக் கூத்து" என்றார். சங்கத்தின் பொதுக் கொட்டகை கட்டியபோது இறக்கிய மணலில் மீந்தது ஒரு குவியலாக இரண்டு ஆண்டுகள் ஓரமாகக் கிடந்திருக்கிறது. தெருப்பூனைகள் அனைத்தும் அங்கேதான் போய்வந்தன. கொட்டகைக்குத் தளம் போட அந்த மணலை அள்ளியதும் அவை கொல்லைகளுக்குள் புகுந்தன. பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத விஷயம் அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. அவரைக் கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை.

இனி, மக்கள் கையாளும் உபாயங்களைப் பார்ப்போம். புட்டியில் நீல நீர் நிரப்பி வேலியில் தொங்கவிடுவது பல ஊர்களில் காணும் வழக்கம். இதனால் பூனை அஞ்சுவதில்லை. மிளகாய்ப் பொடி முதல் நீர்ப்பாய்ச்சலிலேயே கரைந்துவிடும். அதுவரை பூனையின் கண்ணையும் நம் கையையும் எரிக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் நெடியைப் பூனைகள் வெறுப்பது உண்மையே. ஆனால் தோல் காய்ந்ததும் பயன் போய்விடும். அந்துருண்டை போடுவதும் பினாயில் தெளிப்பதும் தவறு. பூனை பாதத்தை நக்கும் பிராணி. பினாயில் போன்றவற்றை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. சிறிதளவே நஞ்சாகிவிடும். குழந்தைகள் அந்துருண்டையை மிட்டாய் என்று எண்ணி வாயிலிட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. நாம் உண்ணும் கீரைக்குரிய மண்ணில் இவற்றை இடுவது எங்ஙனம் பொருந்தும்?

பலன் தருவது எளிய முறையே: தோண்டவும் குந்தவும் இடமில்லாதபடி செய்துவிட வேண்டும். விதைத்த பாத்தியின்மேல் கோழிக்கூட்டுக் கம்பி வலையைப் படுக்கையாக விரித்து ஓரங்களை மண்ணில் புதைக்கலாம்; நாற்று வலைக் கண்ணின் வழியே மேலெழும்பும். வலைக்குப் பணமில்லாதவர்கள் மூங்கில் சிம்புகளை அரைச் சாண் இடைவெளியில் செங்குத்தாக ஊன்றலாம், அல்லது உலர்ந்த கருவேல முள்ளைப் பரப்பலாம். முள் போடும் வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதனைத் தவிர்க்க வேண்டும். நாற்று விற்பவர்கள் வெள்ளை ஈ வராதிருக்க நைலான் வலைக் கூடாரம் போடுவதுண்டு. அதுவே பூனைக்கும் தடையாகும். ஈர மண்ணைப் பூனை விரும்பாது என்பதால் எப்பொழுதும் நீர் ஊற்றி வைக்கலாமே என்று சிலர் கூறினர். வளர்ந்த செடிகளுக்கு அது சரி. நாற்றங்காலில் அங்ஙனம் செய்தால் நாற்றழுகல் நோய் வந்து முழுப் பாத்தியும் சாய்ந்துவிடும். பூனையிடமிருந்து காப்பாற்றிப் பூஞ்சணத்திடம் கொடுத்த கதையாகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டார் மட்டும் முள் பரப்பினால் பூனை அடுத்த கொல்லைக்குப் போகும். அவரும் பரப்பினால் அதற்கடுத்ததற்குப் போகும். கடைசியில் வசதியற்றவர், வயதானவர், ஆள் பலமில்லாத விதவை ஆகியோரின் பாத்தியில்தான் அது நிலைகொள்ளும். அத்தெருவில் நடந்ததும் இதுவே. வேலியில் கம்பி வலை அடித்த வீடுகளுக்கு நடுவில் அம்மையாரின் கொல்லை மட்டும் திறந்து கிடந்தது. எனவே, எல்லாப் பாத்திகளையும் ஒரே வாரத்தில் மூட வேண்டும். அதே வாரத்தில் பூனை போவதற்கென்று ஓர் இடத்தைத் திறந்தும் வைக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்வது வீண் சிரமம்.

அந்த இடம் வீடுகளுக்கும் கிணற்றுக்கும் எட்டி, சற்று மறைவாக இருக்கட்டும். நான்கு அடிக்கு நான்கு அடி, அரை அடி ஆழம் மணல் போதும். பூனை மலம் கலந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டு வைத்தால் அதுவே அழைப்பு. நாள்தோறும் ஒருவர் மலத்தை அள்ளி, காய்கறி பயிரிடாத இடத்தில் ஓரடி ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். எருக்குழியில் போடலாகாது. மாட்டுச் சாணத்தைப் போல் இதுவும் எருதானே என்று ஒரு விவசாயி கேட்டார். அல்ல, இறைச்சி தின்னும் பிராணியின் மலத்தில் உள்ள கிருமிகள் வீட்டு எருக்குழியின் சூட்டில் சாவதில்லை.

அக்கிருமிகளுள் முக்கியமானது டாக்சோபிளாஸ்மா. இது 1908இல் கண்டறியப்பட்டது. பூனையின் மலம் வழியாகப் பரவுகிறது என்பது 1970ஐ ஒட்டித்தான் தெளிவாயிற்று. நோய் கண்ட எலியையோ பறவையையோ முதன்முறை தின்ற பூனை ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை இதன் முட்டை போன்ற உருக்களை வெளியிடும். பின்னர் பெரும்பாலும் நின்றுவிடும். வெளிவந்தவுடன் அவை தொற்றுவதில்லை. அதற்கு 1 முதல் 5 நாட்கள் ஆகும். நாள்தோறும் அள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே. விட்டுவிட்டால் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் கிடக்கும். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். கரு கலைவதும், குழந்தையின் கண்ணும் மூளையும் கெடுவதும் உண்டு. இதற்காகப் பூனையைக் கண்டாலே அஞ்ச வேண்டியதில்லை. தொட்டுத் தடவுவதால் வருவது அரிது. கர்ப்பிணிகள் மணற்குழிப் பக்கம் போகாதிருக்க வேண்டும்; தோட்ட வேலையைப் பிறரிடம் விட வேண்டும், முடியாவிட்டால் கையுறை அணிந்து செய்து சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கீரையை ஓடும் நீரில் நன்கு அலசிச் சமைத்தே உண்ண வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சியாலும் இதே நோய் வருவதால், பூனையை விரட்டியும் அடுப்பில் கவனமின்றி இருந்தால் பயனில்லை. பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும்.

அங்ஙனமாயின் பூனைகளே வேண்டாமே என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். பாவுக்குப் போடுவது அரிசிக் கஞ்சி. கஞ்சி ஏறிய நூல் எலிக்குத் தீனி. பூனைகள் மாண்ட இரண்டாம் மாதத்தில் அதே தெருவில் தறியிலேற்றிய பாவு ஒன்றை எலிகள் கடித்து நாசமாக்கியிருந்தன. பூனை இறந்ததே இதற்கு முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; மழை தொடங்கிவிட்டால் எலிகள் எப்படியும் வீட்டுக்குள் வரும். பூனை இருந்தால் எலியே இராது என்பதும் மிகை. சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் அது பிடிக்கும். பெருச்சாளியை எதிர்க்கத் துணியாது. எனினும், பூனை நடமாடும் வீட்டில் எலிகள் ஒடுங்கித் திரியும் என்பதை நெசவாளர் எவரும் மறுக்கக் காணேன். ஓரிடத்துப் பூனைகளைக் கொன்றொழித்தாலும், எலியும் எச்சிலும் அங்கு உள்ளவரை வேறு பூனைகள் வந்து சேரும்.

விஷம் வைப்பது சட்டப்படியும் குற்றம். 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் அதனைத் தடுக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இத்தகைய குற்றத்திற்குப் பிராணியின் விலை 10 ரூபாயா, 50 ரூபாயா என்ற கணக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் அந்த விலைக் கணக்கே இல்லை. எந்தப் பிராணியை விஷமிட்டுக் கொன்றாலும் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இதனை நான் படித்துக் காட்டியபோது அம்மையாரின் மகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். புகார் கொடுக்க அடுத்த வீட்டார் முன்வரவில்லை.

பூனைகளின் தொகை பெருகாதிருக்க வழி கருத்தடையே. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவம் அடையும். சுமார் 9 வாரம் சுமந்து ஓர் ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். கடுவனுக்கு அறுவை செய்தால் சுவரில் பீய்ச்சுவதும் நெடியும் பெரிதும் குறையும். கால்நடை மருத்துவரிடம் தெருவார் சேர்ந்து கேட்டு நாள் குறித்துக்கொள்வது நல்லது. மீன் கழுவிய குப்பையைத் திறந்து கொட்டுவதை நிறுத்துவதும் இதனுடன் சேர்ந்ததே.

அத்தெருவார் ஒரு வண்டி மணல் இறக்கத் தீர்மானித்தனர். செலவைச் சங்கக் கணக்கில் எழுதலாமா என்று செயலாளர் என்னை நோக்கினார். தணிக்கையில் இதனை எந்தத் தலைப்பில் காட்டுவீர் என்று நான் திருப்பிக் கேட்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று அவர்களே போட்டுக்கொண்டனர். மலம் அள்ளும் முறைப் பட்டியலைச் சங்க அலுவலகச் சுவரில், நூல் விலைப் பட்டியலுக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். முதல் வாரத்தை அம்மையாரின் மகன் தாமே கேட்டு ஏற்றுக்கொண்டார். நான் அடுத்த முறை சென்றபோது கீரை முளைத்திருந்தது. இரு வீட்டாரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் விடியற்காலையில் பாவு பிடிக்க வருகிறார்கள் என்று செயலாளர் சொன்னார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழையில் மணல் நனைந்தால் பூனைகள் தாழ்வாரத்தையும் காய்ந்த தறிக்குழியையும் தேடும். புரட்டாசி முடிவதற்குள் மணற்குழிக்கு மேல் நான்கு கால் நட்டுத் தென்னங்கீற்றுக் கூரை போட வேண்டும். கீற்று தருவதாக இருவர் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். கால்களுக்கு மூங்கில் இன்னும் கிடைக்கவில்லை.