நுரையீரல் புண்பட்டால் இரத்தம் என்ன சொல்லும்?

கொரோனா காலத்தில் சி.ஆர்.பி., டி-டைமர் என்ற பரிசோதனைப் பெயர்கள் நம் வீடுகளில் எல்லோருக்கும் பழகிப்போயின. உடலில் அழற்சி எவ்வளவு, இரத்தம் உறையும் போக்கு எப்படி என்பதையே அவை காட்டும். நுரையீரலின் செல்கள் சிதைகின்றனவா என்பதைக் காட்டுபவை வேறு சில புரதங்கள். அவற்றைப் பற்றி இங்கே தெரிந்துகொள்வோம்.

கடும் நிமோனியா, இரத்தத்தில் கிருமித்தொற்று, கணைய அழற்சி, பெரிய விபத்து போன்றவற்றுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் இரண்டு நுரையீரல்களிலும் நீர் கோத்து, மூச்சு முட்டும் நிலை வரலாம். இதை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். 1967-ல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தனர். 2016-ல் வெளியான, 50 நாடுகளில் நடந்த ஆய்வில், இந்நோய் கண்டவர்களில் 100-க்கு சுமார் 40 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். 10 பேரில் 4 பேருக்கு இது இன்ன நோய் என்றே மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை. இரத்தத்தில் ஓர் அடையாளம் கிடைக்குமா என்று தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுரையீரலின் காற்றுப்பைச் சுவர் மிக மெல்லியது. உள்பக்கத்தில் காற்றுப்பைச் செல்கள், வெளிப்பக்கத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள். சுவர் இடிந்த வீட்டின் செங்கல் தெருவில் கிடப்பதுபோல, சிதைந்த செல்களின் புரதங்கள் இரத்தத்தில் வந்து சேர்கின்றன. காற்றுப்பையின் உட்பரப்பில் பெரும்பகுதியை மூடியிருக்கும் தட்டையான செல்கள் புண்பட்டால் 'ரேஜ்' என்ற புரதம் கூடும். காற்றுப்பை சுருங்கிவிடாமல் காக்கும் வழவழப்பைச் சுரக்கும் செல்கள் புண்பட்டால் 'எஸ்.பி.-டி' கூடும். இரத்தக் குழாய்ச் சுவர் புண்பட்டால் 'ஆஞ்சியோபொயடின்-2' கூடும்.

இதனால் கிடைத்த ஒரு பெரிய பாடம் உண்டு. 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் தரும் காற்றை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மி.லி.யிலிருந்து 6 மி.லி.யாகக் குறைத்தபோது, இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. அந்த நோயாளிகளின் இரத்தத்தைப் பின்னர் சோதித்ததில், குறைந்த காற்று பெற்றவர்களிடம் 'ரேஜ்' அளவு அதிகமாக இறங்கியிருந்தது. ஆகவே, "வென்டிலேட்டரில் வைத்தாலே ஆள் முடிந்தது" என்ற பயம் வேண்டாம். அளவறிந்து கொடுக்கும் காற்று நுரையீரல் ஆற அவகாசம் தருகிறது.

ஆனால் இந்தப் புரதங்கள் இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களோடு நிற்கின்றன. எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், ஆக்ஸிஜன் அளவு, நோய் தொடங்கிய விதம் ஆகியவற்றைக் கொண்டுதான் நோயை முடிவு செய்கிறார்கள். "எல்லா இரத்த டெஸ்ட்டும் எடுத்தாச்சு, நார்மல்தான்" என்று மூச்சுத் திணறும் அத்தாவையோ உம்மாவையோ வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் விரலில் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்போம். 94-க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போவோம். 90-க்குக் கீழே போனாலும், நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே 108-ஐ அழைப்போம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.