வாங்கும் நாளில் எல்லாமே நல்லதுதான்

ஐ.டி. வேலையில் சர்வர், நெட்வொர்க், சப்போர்ட் பக்கம் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

1998-இல் சென்னை ரிச்சி தெருவில், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் ஸ்க்ரூ டிரைவரோடு தொடங்கியவன் நான். இன்றைக்கும் அதே பிழைப்புதான். கைக்கு எட்டிய பெட்டி எட்டாத கிளவுடுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் வாங்கியது, வாங்கிக்கொடுத்தது, அதற்காகத் திட்டு வாங்கியது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: ஒரு பொருளின் குணம் அது ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். கீழே உள்ளதெல்லாம் அதன் விரிவு.

1. டெமோவை நம் சரக்கில் காட்டச் சொல்லுங்கள்.

ஓர் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் மென்பொருள் பார்த்துக் கொடுத்தேன். டெமோவில் பத்துப் பொருள்தான் இருந்தது. பெயரைத் தட்டுவதற்குள் பில் வந்து விழுந்தது. கடையிலோ ஆணி, நட்டு, குழாய், பெயின்ட் என்று முப்பதாயிரம் ஐட்டம். முதல் சனிக்கிழமை மாலை, கல்லாவில் ஏழெட்டுப் பேர் நிற்க, ‘அரை இஞ்ச் எல்போ’ என்று தட்டினால் திரை உறைந்து நின்றது. பதினான்கு விநாடி; எண்ணினேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் பேப்பரைச் செருகி, கையால் எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அன்றிலிருந்து நம் டேட்டாவை, நம்மிடம் உள்ளதிலேயே மட்டமான கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்வேன். நடுவில் நெட் கேபிளையும் ஒருமுறை பிடுங்கிப் பார்ப்பேன். விற்பவர் முகம் மாறினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

2. பேக்கப் வாங்காதீர்கள், ரெஸ்டோர் வாங்குங்கள்.

‘பேக்கப் வெற்றி’ என்று தினமும் காலையில் பச்சை டிக்கோடு மெயில் வரும். ஒரு நிறுவனத்தில் ஒன்றரை வருடம் அந்த மெயிலைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். ஹார்ட் டிஸ்க் போன அன்று திறந்தால், ஒன்றரை வருடத்துக்கு முந்தைய கணக்கு இருந்தது. இடையில் யாரோ கணக்கு ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப்போ பழைய ஃபோல்டரையே பக்தியோடு நகல் எடுத்துக்கொண்டிருந்தது. மென்பொருள் மேல் தப்பில்லை. திறந்து பார்க்காத என் மேல்தான் தப்பு.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால், வெர்ஷன் பொருந்தாமல் அது ஓடவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ‘ரெய்டு’ பேக்கப் ஆகாது; நீங்கள் தவறாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். பேக்கப் என்றால் மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் அல்லவா? அந்த வாரமே ஒரு பேக்கப்பை எடுத்து, காலி மெஷினில் ரெஸ்டோர் செய்து பாருங்கள். சாமிக்கும் அதுதான் பிடிக்கும்.

3. ஒன்பதுகளை மணி நேரமாக மாற்றிப் படியுங்கள்.

‘99.9 சதவீதம் ஓடும்’ என்றால் கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால், வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். இன்னொரு ஒன்பது சேர்ந்தால் சுமார் 53 நிமிடம். அந்த எட்டே முக்கால் மணி நேரமும் தீபாவளிக்கு முந்தின நாளே வந்தாலும் ஒப்பந்தப்படி சரிதான். மீறினால் என்ன கிடைக்கும் என்றும் பாருங்கள். பெரும்பாலும் மாத பில்லில் ஒரு பங்கு கழிவு, அவ்வளவே. உங்கள் வியாபார நட்டத்துக்கு அதில் இடமில்லை.

4. உள்ளே போகுமுன் வெளியே வரும் வழியைக் கேளுங்கள்.

‘நாளைக்கு உங்களை விட்டுப் போகிறோம் என்றால் எங்கள் டேட்டாவை எந்த வடிவத்தில் கொடுப்பீர்கள்?’ கொட்டேஷன் கேட்கும் அதே மெயிலில் இதையும் கேளுங்கள். கல்யாணப் பேச்சில் விவாகரத்தா என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தமிழர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1991-இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் நம் டி.டி.பி. கடைகள் அதன்பின்னும் பல வருடம் ஆளுக்கொரு எழுத்துருவில்தான் தட்டின. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருந்த காலம் அது. பாமினியில் தட்டிய ‘அம்மா’வை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஒரு பதிப்பகத்தின் பழைய நூல்களை இப்படித்தான் திறந்து பார்த்தோம். கோப்பு பத்திரமாக இருந்தது, தமிழ் இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு, வரிக்கு வரி பிழை பார்த்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. டேட்டா உங்களிடம் இருப்பது ஒன்று, உங்களால் படிக்க முடிவது வேறு.

5. இலவசத்தைப் பயன்படுத்துங்கள், அதன்மேல் வீடு கட்டாதீர்கள்.

நானே பாதி வாழ்க்கையை இலவச மென்பொருளில் ஓட்டியவன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். காலைச் செய்தியே அதில்தான் என்றிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். சென்ட்.ஓ.எஸ். 8 என்ற இலவச லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். 2021 கடைசியோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதை நம்பி சர்வர் போட்ட எத்தனையோ பேருக்குப் புத்தாண்டு வேலையோடு பிறந்தது. காசு வாங்குபவரும் கடையை மூடுவார். இலவசமாகத் தருபவர் மூடினால் கேட்கக்கூட ஆள் இருக்காது, வித்தியாசம் அவ்வளவுதான்.

6. அப்டேட்டை ஒத்திப்போடாதீர்கள், ஒரே நாளில் எல்லாவற்றிலும் போடவும் செய்யாதீர்கள்.

வானாக்ரை ரான்சம்வேர் 2017 மே மாதம் உலகைக் கலக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே பேட்ச் கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் சோம்பல் பட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அதற்கு நேர் எதிர் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான ஓர் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு படுக்க வைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் போய், அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

முதலில் உங்கள் மெஷின், மறுநாள் ஒரு துறை, பிறகு மற்றவை. தன் அப்டேட்டை இப்படிப் படிப்படியாக விட இடம் கொடுக்காத பொருளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

7. யு.பி.எஸ்.ஸுக்கும் பிரின்டருக்கும் மரியாதை கொடுங்கள்.

சர்வருக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, யு.பி.எஸ்.ஸை மாடிப்படிக்கு அடியில் காற்றில்லாத பொந்தில் வைப்பார்கள். லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரி சுகமான வெப்பம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சென்னை மே மாதத்தில் அந்தப் பொந்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், புரியும். பேட்டரியின் வயிறு உப்பியிருந்தால் அன்றே மாற்றுங்கள். பிரின்டர் பற்றி ஒரே வரி: பிரின்டர் விலையைக் கேட்காமல் ஒரு பக்கத்துக்கு என்ன செலவு என்று கேளுங்கள்.

8. ஏ.ஐ.யைப் புத்திசாலி டிரெய்னியாக நடத்துங்கள்.

நானும் தினமும் பயன்படுத்துகிறேன். லாக் படிக்கவும் ஸ்கிரிப்ட் எழுதவும் அருமை. ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். அது கொடுக்கும் கட்டளையில் ஒரு வார்த்தை உங்களுக்குப் புரியவில்லை என்றாலும் என்டர் தட்டாதீர்கள். சர்வர் போனால் மேனேஜர் அதைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார், உங்களைத்தான் கேட்பார்.

9. உபயோகிப்பவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

‘கொஞ்சம் ஸ்லோவா இருக்கு தம்பி’ என்று அக்கவுன்ட்ஸ் அக்கா சொன்னால், டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது என்று பதில் சொல்லாதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். எந்த நிபுணரின் விமர்சனத்தையும்விட அந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும்.

அந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சி இன்றும் என் வாடிக்கையாளர்தான். மென்பொருளை எப்போதோ மாற்றியாயிற்று. எல்போ இப்போது கண் சிமிட்டும் நேரத்தில் வருகிறது. ஆனாலும் கல்லாவுக்கு அடியில் ரசீதுப் புத்தகமும் கார்பன் பேப்பரும் அப்படியே இருக்கின்றன. “இன்னும் இது எதுக்கு அண்ணாச்சி?” என்று போன மாதம் கேட்டேன்.

“நீங்கதான தம்பி பேக்கப் வெச்சுக்கணும்னு சொன்னீய” என்றார்.