வயதான பூனைக்கு நம் சமையலிலிருந்து ஒரு வாய்

மீன் ஆய உட்கார்ந்தால் பூனையும் வந்து பக்கத்தில் உட்காரும். இளம் பூனை என்றால் ஒரு துண்டைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். 15 வயதாகி, சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு அதே துண்டைப் போடக் கை தயங்கும். மருத்துவர் சொன்ன உணவைத் தவிர எதுவும் கூடாதோ என்று பயம். ஆசையாகக் கேட்பதை இல்லை என்று சொல்லவும் மனம் வராது.

பெரும்பாலான முதிய பூனைகளுக்கு நம் சமையலிலிருந்து ஒரு வாய் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் எதைக் கொடுப்பது என்பதை அதன் நோய்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பூனைக்கு நல்லதாக இருக்கும் முட்டைக்கரு இன்னொன்றுக்கு ஆகாது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள்.

படி 1: நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"வயசாயிடுச்சு, அதான் இளைச்சுப்போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். 10 வயதைத் தாண்டிய பூனைகளிடம் சிறுநீரக நோய், தைராய்டு மிகையாகச் சுரத்தல், சர்க்கரை நோய், பல் நோய் எல்லாம் பரவலாக வருகின்றன. இளைப்பு இவற்றில் எதனாலும் வரலாம். இரத்தத்தில் கிரியாட்டினின், பாஸ்பரஸ், பொட்டாசியம், சர்க்கரை, தைராய்டு அளவு ஆகியவற்றையும், கூடவே சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

முடிவு வந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு எந்தச் சத்தைக் குறைக்க வேண்டும்? இப்போது கொடுக்கும் சிறப்பு உணவோடு வேறு எதையும் சேர்க்கலாமா? எந்த மருந்தை உணவோடு கொடுக்க வேண்டும்?

படி 2: நோய்க்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

*சிறுநீரக நோய்:* இங்கே முதல் எதிரி பாஸ்பரஸ். தளர்ந்த சிறுநீரகத்தால் அதைச் சரிவர வெளியேற்ற முடியாது. தேங்கத் தேங்க நோய் வேகமாக முற்றும். முள்ளோடு தின்னும் நெத்தி​லி, மஞ்சள் கரு, பனீர், ஈரல் ஆகியவற்றில் பாஸ்பரஸ் அதிகம். வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கருவில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. இந்த நோயாளிக்கு வீட்டில் கிடைக்கும் மிக நல்ல சிறுதீனி அதுதான். தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி ஒன்றிரண்டு துணுக்கு தரலாம். கருவாடு வேண்டாம், உப்பும் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும்.

*தைராய்டு:* மாத்திரையில் இருக்கும் பூனைக்குக் கோழியோ மீனோ கொஞ்சம் கொடுக்கலாம். அயோடின் குறைத்த சிறப்பு உணவில் வைத்திருந்தால் வெளியிலிருந்து ஒரு துணுக்குகூடக் கூடாது. மீனிலும் மஞ்சள் கருவிலும் பாலிலும் உள்ள சிறிதளவு அயோடினே அந்தச் சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

*சர்க்கரை நோய்:* சோறு, பால், பிஸ்கட், ரொட்டி வேண்டாம். கோழி, மீன், முட்டை ஏற்றவை. இன்சுலின் போடும் நேரத்தோடு சேர்த்து, தினமும் ஒரே அளவாகக் கொடுங்கள்.

*இதய நோய்:* உப்புதான் கவலை. கருவாடு, சீஸ், சிப்ஸ், உப்புநீரில் அடைத்த டின் மீன் எதுவும் ஆகாது.

*கணையம், குடல் நோய்:* நெய், கோழித்தோல், கொழுப்புள்ள கறி வயிற்றைக் கலக்கும். ஒவ்வாமையைக் கண்டறிய ஒரே வகை உணவில் சில வாரம் வைத்திருந்தால், அது முடியும்வரை எந்தச் சிறுதீனியும் வேண்டாம்.

இரண்டு நோய்கள் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் பொதுவாக அனுமதிக்கப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல முதிய பூனைகளின் நிலை இதுதான்.

படி 3: அளவைக் கணக்கிடுங்கள்

4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். சிறுதீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 20 கலோரி. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் இது சுமார் 12 கிராம், முழு முட்டையில் கால் பங்கு. ஒரு தேக்கரண்டி நெய்யில் 45 கலோரி இருக்கிறது. இரண்டு நாள் பங்குக்கும் அதிகம்.

இந்த வரம்புக்குக் காரணம் எடை மட்டுமில்லை. வெறும் கறியிலும் சோற்றிலும் பூனைக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கிடையாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பதை 1987இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியோனும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்து வெளியிட்டார்கள். பூனைகளுக்கான நல்ல உணவுகளில் டாரின் சேர்க்கப்பட்டிருக்கும். அந்த உணவின் இடத்தை நாம் கொடுக்கும் ஒரு வாய் பிடித்துக்கொள்ளக் கூடாது.

படி 4: ஒருபோதும் கொடுக்கக் கூடாதவை

நம் சமையலறையில் பூனைக்குப் பெரிய ஆபத்து வெங்காயமும் பூண்டும். பச்சையானாலும், வதக்கினாலும், பொடியானாலும் அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தாலும் சாறு உள்ளே இறங்கியிருக்கும். பிரியாணிக் கறி, சூப்புப் பொடி, கடைச் சிக்கன் எல்லாவற்றுக்கும் இதே தடை. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள சிறுநீரக நோயாளிக்கு இந்தச் சேதம் தாங்காது.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், காபி, டீ, மது ஆகியவையும் கூடாது. வேகவைத்த எலும்பு சிராய்போல் உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பச்சை மீனில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கலாம். பச்சைக் கறியில் உள்ள கிருமிகளை நோயுற்ற உடல் தாங்காது.

பால் விஷமில்லை. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உடலில் நீர் வற்றும். சிறுநீரக நோயாளிக்கு அதுவே பெரிய அடி. பாயசம், கேசரி கொடுப்பதில் பயனே இல்லை. பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது என்பதற்கான மரபணுக் காரணம் 2005இல் கண்டறியப்பட்டது. பூனை பாயசத்தை நக்குவது பாலும் நெய்யும் மணப்பதால்தான்.

உணவோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

படி 5: தனியாகச் சமையுங்கள்

கறியோ மீனோ வாங்கி வந்ததும், மசாலா தடவும் முன்பே பூனையின் பங்கை எடுத்து வையுங்கள். மீன் என்றால் புதிதாக இருக்கட்டும்; சுறா, சூரை போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், தவிர்த்துவிடுங்கள். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். ஆறியதும் விரலால் பிசைந்து முள், எலும்பு, தோல் எல்லாவற்றையும் நீக்குங்கள். கண்ணால் பார்ப்பது போதாது. மீன் முள் விரலுக்குத்தான் அகப்படும்.

பல் விழுந்த பூனைக்கு மசித்துக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீர் இரண்டு தேக்கரண்டி விட்டுப் பிசைந்தால் நீரும் சேர்ந்து உள்ளே போகும். மீதியைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் தினமும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

படி 6: கொடுக்கும் முறை

புதிய உணவு எதுவானாலும் முதல் நாள் விரல் நகமளவு போதும். மறுநாள் வரை வாந்தி, பேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு புதிய உணவுகளைத் தொடங்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரியாமல் போகும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். வயதான பூனைக்கு மோப்பம் மங்கும். மணம் வராத உணவைத் தொடாது. உடற்சூட்டுக்கு இணையாக, 38 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக்கி, தட்டையான கிண்ணத்தில் வையுங்கள். மூட்டுவலி உள்ள பூனைக்குக் கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் குனிய வேண்டியிருக்காது. முதலில் அதன் வழக்கமான உணவு, அது முடிந்த பிறகு சிறுதீனி. நம் ஊர் வெயிலில் மிச்சத்தை அரை மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

படி 7: மருந்தோடு சேர்க்கும்போது

தினசரிச் சிறப்பு உணவுக்குள் கசப்பு மாத்திரையை ஒளித்தால் பூனை அந்த உணவையே வெறுத்துவிடும். மாத்திரைக்கென்று ஒரு சிறுதீனியை ஒதுக்குங்கள். பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்து மட்டும் விதிவிலக்கு. உணவோடு சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறும் தொண்டையில் தள்ளினால் உணவுக்குழாய் புண்ணாகும். பின்னாலேயே கொஞ்சம் உணவோ தண்ணீரோ இறங்க வேண்டும்.

படி 8: மறுக்கும் நாளைக் கவனியுங்கள்

சிறுதீனியால் இன்னொரு பயன் உண்டு: பூனையின் பசியை அது உங்களுக்குக் காட்டும். கோழி வாசனைக்கு ஓடிவரும் பூனை ஒருநாள் முகர்ந்துவிட்டுத் திரும்பினால் ஏதோ சரியில்லை. உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் ஒழுகுவது, கிண்ணம்வரை வந்து போய்விடுவது ஆகியவை குமட்டலின் அறிகுறிகள். அப்போது விதவிதமாகச் சமைத்து நீட்டாதீர்கள். வாயைப் பிளந்து ஊட்டவும் வேண்டாம். குமட்டலை நிறுத்தவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன.

24 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில நாள் பட்டினியிலேயே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். சர்க்கரை நோயுள்ள பூனை தின்னாவிட்டால், மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான இன்சுலினைப் போட வேண்டாம். வாரம் ஒருமுறை எடை பார்த்து, தின்றதையும் வாந்தியையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

கடைசிக் கட்டத்தில்

நோய் முற்றி, இனிக் குணமாக்க முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகு கணக்கு மாறும். அப்போது சிறப்பு உணவைத் தொடாத பூனை மஞ்சள் கருவையோ மீனையோ தின்றால் கொடுங்கள். சரியான உணவை மறுத்துப் பட்டினி கிடப்பதைவிட, ஏதாவது தின்று நிம்மதியாக இருப்பது மேல். பாஸ்பரஸ் கணக்கையும் கலோரிக் கணக்கையும் தளர்த்தலாம். வெங்காயம், பூண்டு, எலும்பு போன்று படி 4இல் சொன்னவற்றின் தடை மட்டும் கடைசிவரை நீடிக்கும். அந்த மாற்றத்தை எப்போது தொடங்கலாம் என்பதை நிலைமை முற்றும் முன்பே, இந்த மாதச் சோதனைக்குப் போகும்போதே, மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.