மக்காச்சோளமும் கழலைக் கிருமியும்

ஆப்பிள், ரோஜா முதலிய செடிகளில் வேரும் தண்டும் கூடுமிடத்தில் சிற்சில சமயம் கழலை போன்ற முண்டுகள் காணப்படும். இந்நோய் மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவினால் உண்டாவதென்று அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த எர்வின் ஸ்மித், டௌன்செண்ட் என்னும் இருவர் 1907-ஆம் வருஷத்தில் நிரூபித்தனர். அதன் பெயர் அக்ரோபாக்டீரியம்.

இக்கிருமி தன் மரபுப் பொருளில் ஒரு சிறு துண்டைச் செடியின் உயிரணுவினுள் செலுத்துகிறதென்பதும், அத்துண்டே கழலையை வளர்க்கிறதென்பதும் 1977-இல் விளங்கின. ஆகவே, கழலை உண்டாக்கும் பகுதியை நீக்கி, அவ்விடத்தில் வேண்டிய மரபணுவை வைத்தால், நச்சுப்பல் பிடுங்கிய பாம்பைப்போல் கிருமி தீங்கின்றி அதனைச் செடியில் சேர்த்துவிடும். 1983-இல் புகையிலையில் இம்முறை பலித்தது.

மக்காச்சோளமோ புல்லினத்தது, இயற்கையில் இக்கிருமி அதனைப் பற்றுவதில்லை. எனவே, 1990-இல் மரபணு பூசிய நுண்ணிய உலோகத் துகள்களைத் துப்பாக்கி போன்ற கருவியால் உயிரணுக்களுள் செலுத்தியே மாற்றப்பட்ட மக்காச்சோளம் பெறப்பட்டது. அம்முறையில் மரபணு சிதைந்தும் பல பிரதிகளாகவும் சேர்வதுண்டு.

1996-இல் ஜப்பானில் இஷிடா முதலியோர் இக்குறைக்குப் பரிகாரம் கண்டனர். ஏ-188 என்னும் ரகத்தின் முற்றாத மணிகளிலிருந்து சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள இளங்கருக்களை எடுத்து, கிருமி கலந்த திரவத்தில் தோய்த்து, சத்துக்கூழில் வளர்த்தனர். காயம்பட்ட செடியில் ஊறும் அசிட்டோசிரிங்கோன் என்னும் பொருளும் சேர்க்கப்பட்டது. கிருமியைத் தூண்டுவது அதுவே. நூறு கருக்களுக்கு 5 முதல் 30 வரை பலன் கிட்டியது. மரபணுவும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று பிரதிகளாகச் சிதைவின்றிச் சேர்ந்தது.

இங்குக் குடியானவர்கள் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, ஏ-188 விளைச்சலில் சிறந்த ரகமன்று. அதிற்சேர்த்த குணத்தை நல்ல ரகத்துக்கு மாற்றப் பல தலைமுறைகள் திரும்பத் திரும்ப ஒட்டுச்சேர்க்கை செய்தல் அவசியம். கருவளர்ச்சியைத் தூண்டும் இரு மரபணுக்களின் உதவியால், முன்பு இணங்காத ரகங்களிலும் இம்முறை பலிப்பதாக 2016-இல் அறிவிக்கப்பட்டது. எனினும், புதிதாய்ச் சேர்வது ஓரிரு குணங்களே. மண்ணின் வளமும் நீரும் எருவும் இன்றி விளைவு பெருகாது.

இரண்டாவது, மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றிற் பரவுவது. ஒருவர் வயலில் விதைத்ததன் குணம் அயலார் கதிரிலும் சேரக்கூடும். அக்கதிரின் மணியை விதைக்கென எடுத்து வைப்பவர் அறியாமலே அதனை மறுவருஷம் விதைப்பர். ஆதலால் இவ்விதையைப் பரீட்சிக்குமிடத்தும் பயிரிடுமிடத்தும் தக்க இடைவெளி விடுதலும், எவ்வயலில் எவ்விதை ஊன்றப்பட்டதென்று கணக்கு வைத்தலும் இன்றியமையாதன.