லினக்ஸில் குரோம் உலாவியை நிறுவும் முறை

கேள்வி: உபுண்டு கணினியில் குரோமை நிறுவுவது எப்படி?

பதில்: லினக்ஸில் மென்பொருள்களை, சரிபார்த்துக் கையொப்பமிட்டு வைக்கப்பட்ட பொதுச் சேமிப்பிடமான 'களஞ்சியத்தி'லிருந்து பெறுவதே மரபு. உபுண்டுவுடனேயே வரும் பயர்பாக்ஸ், 21.10 பதிப்பு முதல், தனக்குத் தேவையான நிரல்களையும் உள்ளடக்கிய 'ஸ்னாப்' பொதியாக அமைந்துள்ளது. குரோமோ உபுண்டுவின் களஞ்சியத்தில் இடம்பெறாததால், கூகுள் தளத்திலிருந்து அதன் நிறுவல் கோப்பான 'டெப்' பொதியை இறக்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டு, ஓர் இடைவெளிக்குப் பின் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து, அவற்றை ஒட்டியே கோப்பின் பெயரை எழுத வேண்டும். அவ்விரு குறிகளும் விடுபட்டால், பொதிகளை நிறுவும் நிரலான ஆப்ட் அப்பெயரைக் களஞ்சியத்தில் தேடிவிட்டு, இல்லை என்றே கூறும். நிறுவும்போதே கூகுளின் களஞ்சியமும் கணினியில் சேர்க்கப்படுவதால், பின்னர் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் பிற மென்பொருள்களின் புதுப்பிப்புகளோடு சேர்ந்தே வந்துவிடும். உலாவியை அதன் உரிய தளத்திலிருந்தன்றி வேறெங்கிருந்தும் இறக்கலாகாது.