சைக்கிள் சக்கரத்துக்கு வீட்டிலேயே ஒரு காற்றுமூடி

சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. 1984-ல் சைக்கிள் வீரர் பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51 கி.மீ. தாண்டியது, ஸ்போக்ஸ் இடைவெளி இல்லாமல் மூடிய தட்டுச் சக்கரங்களில்தான்.

அதுபோன்ற மூடியை வீட்டிலேயே செய்யலாம். விளம்பரப் பலகைக்கான மெல்லிய சன்பேக் ஷீட்டை ரிம்முக்குள் அடங்கும் வட்டமாக வெட்டி, ஹப்புக்குத் துளையிடுங்கள். விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கீறல். ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் ஆழமில்லாத கூம்பு. கேபிள் டையால் ஸ்போக்ஸ் கம்பிகளில் இறுக்குங்கள். வால்வுக்கு இடம் விடுங்கள். செயின், பிரேக், ஃபிரேம் எதிலும் உரசக் கூடாது. பின்சக்கரத்துக்கு மட்டுமே போடுங்கள். முன்சக்கரத்தை மூடினால் பக்கக்காற்று ஹேண்டில்பாரையே திருப்பிவிடும்.

சோதனைதான் முக்கியம். "வேகமாகப் போகிறது" என்று மனம் சொல்வதை நம்பாதீர்கள். போக்குவரத்து இல்லாத, சரிவில் தொடங்கிச் சமதரையில் முடியும் சாலையைத் தேடி, காற்று அடங்கிய விடியற்காலையில் போங்கள். ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு, வண்டி தானாக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். மூடியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பலமுறை. டயர் காற்று, சட்டை, உட்காரும் விதம் எதுவும் மாறக் கூடாது. தளர்ந்த சட்டை ஒன்றே கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே வகைக் குறிகளுக்குள் இருக்கும் சிதறலைவிட இரு வகைகளுக்கும் இடையிலான தூரம் அதிகமாக இருந்தால்தான் மூடி வேலை செய்கிறது என்று பொருள்.

காற்றை அதிகம் தடுப்பது நம் உடம்புதான். முதுகைத் தாழ்த்தி அதே சோதனையைச் செய்து பாருங்கள். குறி இன்னும் தள்ளி விழும்.