அறிவினாவும் அறியாவினாவும்

முன்னுரை

வினா எழுப்பி விடை காணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்து இலக்கணம் கூறியுள்ளார். அவற்றுள் முதலிரண்டு வினாக்கள் நம் சிந்தனைக்கு உரியவை. தான் விடையை அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தான் அறியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா.

இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நண்பர் குழுக்களிலும் நடைபெறும் வினாடி வினா முழுவதும் அறிவினாவைச் சார்ந்தது. கேட்பவர் விடையறிந்தவர் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. அந்நம்பிக்கை பிழைபடும்போது என்ன செய்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களத்தில் எழுந்த வழக்கு

இராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பொங்கல் விடுமுறையின் மாலைப்பொழுதில், நண்பர் ஐவர் கூடியிருந்தோம். ஜவ்வரிசி ஆலையின் காயவைக்கும் களம் அது. காய்ந்த மாவை அள்ளி முடித்த பின் வெறுங்களமே எமக்கு அரங்கமாயிற்று. கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் வாங்கிய பொது அறிவு நூல் ஒன்றை வைத்துக்கொண்டு வினாடி வினா தொடங்கினோம்.

"அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற புலவர் இயற்றிய நீதிநூல் எது?" என்பது ஒரு வினா. நால்வரும் "ஆத்திசூடி" என்றோம். நூலின் பின்பக்க விடையும் அதுவே. அவ்வாலையில் பணிபுரிந்த ஐந்தாம் நண்பர் மட்டும் உடன்படவில்லை. "அந்த ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு. கேள்வியே தப்பு" என்றார். அவர் வறுமையால் மேல்நிலைக் கல்வியோடு படிப்பை நிறுத்தியவர். நாமோ கல்லூரியில் தமிழ் பயின்றுகொண்டிருந்தவர்கள். "அச்சடித்த புத்தகத்தைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?" என்று நகைத்தோம். அவர் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றார். அதன்பின் மூன்று திங்கள் எம்மோடு பேசவில்லை.

சான்றுகள் காட்டும் உண்மை

மனம் உறுத்தவே, கல்லூரி நூலகத்தில் இதனை ஆராய்ந்தோம். சங்க இலக்கியத்துள் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவை நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு ஆகிய நான்கு தொகைகளில் இடம்பெற்ற தனிப்பாடல்கள். நெல்லிக்கனி பெற்றதைப் போற்றும் பாடல் புறநானூற்றில் 91ஆம் பாடல். அக்கொடையைச் சிறுபாணாற்றுப்படையும் குறிக்கிறது. இவ்வௌவையார் தனி நீதிநூல் எதனையும் இயற்றியதாகச் சங்க நூல்களில் சான்றில்லை.

அதியமான் வரலாற்று மாந்தன் என்பதற்குக் கல்வெட்டும் துணை நிற்கிறது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கியுள்ளது. அவன் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. அது 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

இனி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்னும் நான்கினையும் மரபு ஒருவர்க்கே உரியவாகக் கூறும். நல்வழியின் இறுதிப் பாடலோ திருக்குறளோடு மூவர் தமிழையும் திருவாசகத்தையும் சுட்டுகிறது. மூவர் தமிழுக்கும் திருவாசகத்துக்கும் பிற்பட்டவர் சங்க காலத்து அதியமானிடம் கனி பெற்றிருத்தல் இயலாது. ஆத்திசூடியின் மொழிநடையும் சங்கச் செய்யுள் நடையன்று. எனவே, ஆலையில் பணிபுரிந்த நண்பர் கூற்றே சரி. கல்லூரியில் பயின்ற எம் கூற்றே பிழை.

பிழை பரவும் வழி

இப்பிழை எங்ஙனம் வேரூன்றியது? ஒரே பெயர் கொண்ட பலரை ஒருவராக்கிக் காண்பது மக்கள் மரபின் இயல்பு. 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'ஔவையார்' திரைப்படமும் ஔவையர் பலரைப் பற்றிய கதைகளை ஒரே மூதாட்டியின் வாழ்க்கையாக இணைத்தது. கே. பி. சுந்தராம்பாளின் குரலும் தோற்றமும் அவ்வடிவத்தை மக்கள் நெஞ்சில் நிலைநிறுத்தின. கலைக்கு அவ்வுரிமை உண்டு; வினாநூலுக்கு இல்லை.

பிறநாட்டிலும் இத்தகைய வழக்கு எழுந்ததுண்டு. அமெரிக்கரான பிரெட் வொர்த் தாம் தொகுத்த பொது அறிவு நூலில், 'கொலம்போ' என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் 'பிலிப்' என ஒரு பொய்ச்செய்தியை வேண்டுமென்றே சேர்த்தார். தம் நூலைப் படியெடுப்போரைப் பிடிப்பதற்கான பொறி அது. 'டிரிவியல் பர்சூட்' என்னும் புகழ்பெற்ற வினா விளையாட்டில் அப்பொய் விடையாக வந்தது. 1984இல் அவர் வழக்குத் தொடுத்தார். பொதுச்செய்திகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் அவ்வழக்கு வெற்றிபெறவில்லை. ஆயினும், அச்சேறிய விடை ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியெடுக்கப்பட்டு வந்ததாகவும் இருக்கலாம் என்பதை அவ்வழக்கு உலகிற்கு உணர்த்தியது.

காலத்தால் மாறும் விடைகளும் உள. கொல்லிமலை எம்மாவட்டத்தது என்றால் 1996 வரை சேலம் என்பது சரி. 1997 சனவரி முதல் நாமக்கல் என்பதே சரி. பழைய நூலைக் கையில் வைத்திருப்பவர் பொய் கூறவில்லை. ஆண்டினைப் பார்க்கவில்லை, அவ்வளவே.

வழக்காடும் முறை

விடையை மறுப்போரும் காப்போரும் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வினாவே சரியாக அமைந்துள்ளதா எனக் காண்டல். இரண்டாவது, விடைநூலை விட்டு மூலநூலுக்குச் செல்லுதல். மூன்றாவது, கூறியவர் யார் என்பதை நோக்காது கூறிய பொருளை நோக்குதல். இம்மூன்றாவதிலேயே யாம் தவறினோம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டுத் தேர்வர்களின் மறுப்புகளைச் சான்றுடன் வரவேற்கிறது. ஆணையம் செய்வதை நண்பர் குழு செய்யலாகாதா?

முடிவுரை

சித்திரை மாதத்தில் நால்வரும் அவ்வாலைக்குச் சென்று நண்பரிடம் பிழையை ஒப்புக்கொண்டோம். மாவு படிந்த கையைத் துடைத்தவாறே அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்கிட்ட சொன்னது இருக்கட்டும், அந்தப் புத்தகத்துல திருத்துனீங்களா?" யாம் திருத்தியிருக்கவில்லை. அன்றே அந்நூலை எடுத்துவந்து, விடையை அடித்து, புறநானூற்றுப் பாடலின் எண்ணை அருகில் எழுதினோம். எழுதியவர் அவர், எழுதுகோல் எம்முடையது.

அன்று களத்தில் நாம் கேட்டதை அறிவினா எனக் கருதினோம். உண்மையில் அது அறியாவினா. தாம் கேட்கும் வினாவிற்குத் தாமும் மாணவராக இருக்க ஒருப்படுவோரிடமே கல்வி வளரும். மாணவச் செல்வங்கள் இதனை மனங்கொள்வாராக.